கல்லின் முதல் வரி

எனக்கு வயது எண்பத்தேழு. நான் பெற்றது ஐந்து, நாத்தனார் விட்டுவிட்டுப் போனது இரண்டு, ஆக ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஒருவரும் சோற்றுக்கு அடுத்தவர் வாசலில் நின்றதில்லை. கோயில் திருவிழா மலரில் எழுதுகிறவர்கள் பெயருக்குப் பின்னால் படிப்பைப் போட்டுக்கொள்கிறார்கள். எனக்குப் போட்டுக்கொள்ள இதுதான் இருக்கிறது, போட்டுவிட்டேன்.

நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். எழுதினால் கை கோணிக்கொண்டு போகும். அது ஏன் அவ்வளவோடு நின்றது என்பதும் இதில் வரும்.

கல்லறைத் தோட்டத்து யுத்தக் கல்லைப் பற்றி எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். கேட்டைத் தாண்டியதும் இடது பக்கம் ஓர் ஆள் உயரத்துக்கு நின்ற கறுப்புக் கல். யுத்தத்தில் கப்பலோடு போன நம் ராயபுரத்து ஆட்களுக்காக நட்டது. போன மழையில் தூங்குமூஞ்சி மரம் சாய்ந்து அது நாலைந்து துண்டாகிவிட்டது. அதற்கு வெகுகாலம் முன்பே உப்புக் காற்றில் எழுத்தெல்லாம் பொரிந்து உதிர்ந்துவிட்டது. இப்போது புதுக் கல் நடப் போகிறார்கள். ஆனால் பழைய கல்லில் யார் யார் பெயர் இருந்தது என்று சொல்ல ஆள் இல்லை. செத்து நம் மண்ணில் புதைந்தால்தான் கோயில் புத்தகத்தில் பெயர் ஏறும். கடலோடு போனவர்களை எங்கே ஏற்றுவது? அவர்கள் குடும்பங்களில் பாதி எர்ணாவூர், மணலி என்று போய்விட்டது. மீதிப் பாதிக்குத் தாத்தனை வீட்டில் கூப்பிட்ட பெயர்தான் தெரியும். கல்லில் இருந்தது ஞானஸ்நானப் பெயர்.

எனக்குத் தெரியும். மேலிருந்து கீழ்வரை பதினோரு பேர், அப்பன் பெயரின் முதல் எழுத்தோடு.

என் வயதுக்காரர்களே, நீங்கள் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்கு வந்து முன் பெஞ்சில் உட்காருகிறீர்கள். பல் போனவர்களும் உண்டு, காது போனவர்களும் உண்டு. நினைவும் போய்விட்ட மாதிரி சிலர் நடிக்கிறீர்கள். நான் நினைவுபடுத்துகிறேன்.

என் நைனா துறைமுகத்தில் கரி அள்ளினார். யுத்தம் வந்ததும் கப்பலுக்கு உள்ளேயே, அடுப்புக்குக் கரி தள்ள ஆள் தேவைப்பட்டது. ஆள் பிடித்துக் கொடுத்தவர் மேஸ்திரி. கோயில் காரியத்திலும் அவர்தான் பெரியவர். தேர் வடத்தில் அவர் கை வைக்காமல் தேர் நகராது. சாமியார் வெள்ளைக்காரர், தமிழ் அரைகுறை. மேஸ்திரி சொல்வதுதான் அவருக்குத் தமிழ்.

கப்பல் ஏறுவதற்கு முந்தின வாரம், துறைமுக கேட்டுக்கு எதிரே டீக்கடையில், பத்துப் பேர் நடுவில் நைனா கேட்டிருக்கிறார்:

"இன்னா மேஸ்திரி, ஊரான் வூட்டுப் புள்ளைங்களயே ஏத்திகினு கீறியே. உம் புள்ள கையி சிவக்காம வூட்ல குந்திகினு கீதே, அத்தயும் ஒரு கப்பல்ல ஏத்தேன்."

கடையே சிரித்ததாம். டீ ஆற்றுகிறவன் கையிலிருந்த குவளை ஆடி அவன் காலிலேயே கொட்டிக்கொண்டானாம். மேஸ்திரி மட்டும் டீயைக் கடைசிவரை குடித்துவிட்டு, "உனக்கு வாய் நீளம்டா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பாள்.

நைனாவின் முகம் எனக்கு நினைவில்லை. காது நினைவிருக்கிறது. கேட்டுவரைக்கும் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார், நான் விழாமலிருக்க அவர் காதைப் பிடித்திருந்தேன். மடலில் கரி ஏறியிருந்தது. என் விரலிலும் ஒட்டிக்கொண்டது.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானது அதற்குப் பிறகுதான். எங்களுக்குப் போக இடம் இல்லை, இருந்தோம். மேஸ்திரி வீட்டார் லாரி பிடித்து சாமான் ஏற்றினார்கள். அவருடைய ஒரே ஆண் பிள்ளை, பதினெட்டு வயதுப் பையன், சாமானின் உச்சியில் ஏறி உட்கார்ந்தான். லாரி ஏதோ ஒரு திருப்பத்தில் சாய, அவன் விழுந்தான். அவன் மேல் தேக்கு பீரோ விழுந்தது. நல்ல பையன். எனக்குக் கமர்கட் வாங்கிக் கொடுத்திருக்கிறான். அவன் செத்ததற்கு நானும் அழுதிருக்கிறேன். ஆனால் அவனைக் கொன்றது பீரோ.

நைனா போன கப்பலும் முழுகியது. அதில் போன நம் ஆட்களில் மூன்று பேர் இறந்தார்கள் என்று கப்பல் ஆபீசிலிருந்து தகவல் வந்தது. நைனாவைப் பற்றித் தெரியவில்லை என்று வந்தது. பிழைத்து வந்த ஒருவர், அவரைத் தண்ணீரில் ஒரு பலகையைப் பிடித்தபடி கடைசியாகப் பார்த்ததாகச் சொன்னார். பலகை ஒன்று போதுமாயிருந்தது மேஸ்திரிக்கு. "பலகய புடிச்சவன் கரை ஏறாமயா இருப்பான்? எந்தத் துறைமுகத்துல எவ கூட குடித்தனம் பண்ணிகினு கீறானோ" என்றார். அந்தப் பேச்சு தண்ணீர்க் குழாயடிக்கு வந்தது, மீன் கூடையோடு தெருத் தெருவாகப் போனது.

அம்மா தாலியோடு இருந்தாள். கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள், புருஷன் விட்டுவிட்டுப் போனவள் என்று. துக்க வீட்டில் கைம்பெண்களோடு உட்காரப் போனால், "உனக்குத்தான் ஆளு கீதே" என்று தள்ளி உட்கார வைப்பார்கள். பூ வைத்தால் ஒரு பேச்சு, வைக்காவிட்டால் ஒரு பேச்சு. ஒருநாள் காலையில் தானாகவே தலைப்பூவை எடுத்து ஜன்னலில் வைத்தாள். "பூட்டாரு" என்றாள். அவ்வளவுதான். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

யுத்தம் முடிந்து வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்தக் கல் வந்தது. கடலோடு போனவர்களுக்குக் கல்லறை இல்லையே, கல்லறைத் திருநாள் அன்று அவர்கள் வீட்டார் எங்கே நிற்பார்கள் என்று சாமியாருக்கே தோன்றியதாம். நல்ல மனதுதான். ஆனால் யார் யார் பெயரை வெட்டுவது என்பதை மேஸ்திரியிடம் விட்டுவிட்டார்.

சாமியார் தீர்த்தம் தெளித்துக் கல்லை மந்திரித்த அன்று அம்மா போகவில்லை. தம்பிக்கு அம்மை வார்த்திருந்தது. அவனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாள், வேலை முடிந்ததும் என்னை இட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். அங்கே உபதேசியார் சுண்ணாம்பு வாளியோடு நின்றிருந்தார். ஞாயிறு மந்திரம் சொல்லிக் கொடுப்பவர், படித்தவர், மெலிந்த மனுஷர்.

"உபதேசியாரே, எங்கூட்டுக்காரரு பேரு எங்க கீது?"

அவர் கல்லைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மேல. மொத வரி."

அம்மா கால் விரலில் எக்கி நின்று முதல் வரியில் முத்தம் வைத்தாள். உதட்டில் கல் தூசி ஒட்டியிருந்தது. என்னைத் தூக்கிக் காட்டினாள், நானும் வைத்தேன். திரும்பி வரும்போது, "பாத்தியா, மொதல்ல போட்டுக்கீறாங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அந்த வருஷம் ஆடியிலேயே மழை பிடித்துக்கொண்டது, அந்த மழை முழுக்க அங்கேதான் இருந்தோம். அம்மாவுக்குத் துறைமுகத்துக் கிடங்கில் கோணி தைக்கிற வேலை. கிழிந்த சாக்குகளைக் கோணி ஊசியால் தைத்து அடுக்க வேண்டும். சணல் தூசி மூக்கில், தலையில், சோற்றில், எல்லாவற்றிலும் இருக்கும். வேலை விட்டதும் முகம் கழுவிக்கொண்டு நேரே கல்லுக்கு வருவாள். பூக்காரி மிச்சம் விட்ட சாமந்தியைக் கேட்டு வாங்கிக்கொள்வாள். ரயில் யார்டிலிருந்து கரிப்புகை இறங்கி மழையோடு சேர்ந்து கல்லறைகளெல்லாம் கறுப்புக் கோடு கோடாக இருக்கும். எங்கள் கல் மட்டும் பளபளவென்று இருக்கும், அம்மா முந்தானையால் துடைத்துத் துடைத்து. மெழுகுவர்த்தியைக் காற்று அணைக்காமலிருக்கத் தேங்காய் ஓட்டுக்குள் நிறுத்துவாள். பிறகு ஜெபமாலை. உத்தரிக்கிற ஸ்தலத்தில் ஆத்துமாக்கள் தாகத்தோடு கிடக்கும், பூமியில் நாம் பெயர் சொல்லிச் செய்கிற ஒவ்வொரு ஜெபமும் அவர்கள் நாக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் என்று அம்மா நம்பினாள். நைனா கடலில் போனவர், வாயில் உப்பு இருக்கும், அவருக்கு அதிகம் வேண்டும் என்பாள்.

நாம் அப்போது என்ன செய்தோம், நினைவிருக்கிறதா? மெழுகு பொறுக்கினோம். உருகி வழிந்ததைச் சுரண்டி உருட்டி, யார் உருண்டை பெரிது என்று சண்டை போட்டோம். என் உருண்டைதான் பெரிது, எங்கள் கல்லில்தான் தினமும் மெழுகுவர்த்தி எரிந்தது. உங்கள் வீடுகளில் படித்தவர்கள் இருந்தார்கள். அந்தக் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அம்மா முத்தம் வைப்பதைப் பார்த்துக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள். எங்களுக்காக அழுகிறார்கள் என்று நான் நினைத்தேன்.

நான் கன்னியர் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு. அந்த ஐப்பசியில்தான் எனக்கு எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து சொல்லாக ஆரம்பித்தன. கடைப் பலகை, தீப்பெட்டி, சுவரில் ஒட்டின நோட்டீஸ் எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே நடப்பேன். ஒரு சாயங்காலம் அம்மா ஜெபமாலையின் நடுவில் இருந்தாள். நான் கல்லின் பீடத்தில் ஏறி, பக்கத்துக் கல்லறையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதல் வரியின் பள்ளத்தில் விரலை விட்டேன். கல் ஈரமாக, சில்லென்று இருந்தது. நைனா பெயரின் முதல் எழுத்து எனக்குத் தெரியும். என் சிலேட்டில் என் பெயருக்கு முன்னால் சிஸ்டர் போட்டுக் கொடுத்த எழுத்து அது. கல்லில் அப்பன் எழுத்தைத் தாண்டினதும் வந்தது வேறு எழுத்து.

"அம்மா, இது நைனா பேரு இல்ல."

பளார் என்று ஒன்று வைத்தாள். மணியிலிருந்து விரலை எடுக்காமலே அடித்தாள்.

"இன்னொரு தபா படி."

படித்தேன். மேஸ்திரி வீட்டுப் பையன் பெயர், அவன் அப்பா பெயரின் எழுத்தோடு.

"கீழ?"

அடுத்ததைப் படித்தேன். அதற்கடுத்தது. பதினோரு வரியும் படித்தேன். நைனா எங்கேயும் இல்லை. அம்மா மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னாள். மறுபடியும். இருட்டும் மழையும் சேர்ந்து வரும்வரை என்னைப் படிக்க வைத்தாள். பதினோரு பெயரும் என் வாயில் ஏறியது அப்படித்தான்.

"அப்போ இத்தினி நாளா நான் யாருக்கு அழுதேன்?"

"மேஸ்திரி வூட்டு அண்ணனுக்கு."

அம்மா மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள். தேங்காய் ஓட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பெயர் இல்லாமல் போனது ஒரு வயிற்றெரிச்சல். அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது, நம் ஆட்களுக்குத்தான் அது புரியும். அம்மா அனுப்பிய தண்ணீரெல்லாம் வேறு ஆள் குடித்துவிட்டான். புருஷன் வாயில் உப்போடு இன்னும் அப்படியே கிடக்கிறார். அம்மாவுக்கு அது கண் முன்னால் தெரிந்தது.

உபதேசியாரைக் கோயில் பின்பக்கத்தில் பிடித்தோம்.

"உன் மூஞ்சப் பாத்தேன்மா. இல்லன்னு சொல்ல வாய் வரல. பாவமா இருந்துச்சு."

"உன் பாவம் என் புருஷன் தொண்டையில அடைச்சிகினு கீதுய்யா" என்றாள் அம்மா. அந்த மனுஷர் நல்லது செய்வதாக நினைத்துத்தான் கையைக் காட்டினார். ஏழு பேரை வளர்த்த பிறகு எனக்கு அது தெரிகிறது. தெரிந்து என்ன, கை காட்டினது காட்டினதுதான்.

அங்கிருந்து நேரே மேஸ்திரி வாசலுக்கு. அவர் சாய்வு நாற்காலியில் காலை நீட்டியிருந்தார். அம்மா படி ஏறவில்லை, தெருவில் நின்றே கேட்டாள்.

"எங்கூட்டுக்காரரு பேரு ஏன் இல்ல?"

"கல்லு செத்தவங்களுக்கு. எங்க கீறான்னு தெரியாதவனுக்கு இல்ல. நாளைக்கே எவளயாவது இட்டுக்கினு வந்து நின்னான்னா, வெட்டுன பேர நீயா வந்து நக்கி அழிப்ப?"

"உம் புள்ள எந்தக் கப்பல்ல பூட்ச்சு?"

"அவன் யுத்தத்தாலதான் செத்தான். யுத்தம் வரலன்னா நாங்க ஏன் ஊர வுட்டு ஓடப் போறோம்?"

"அப்போ பீரோ இன்னா கட்சி மேஸ்திரி? ஜப்பானா, இங்கிலீசா?"

தெருவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீக்கடையில் கேட்ட அதே சிரிப்பு அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். எழுந்து நின்றார். "புருஷன் வாயி அப்டியே கீது உனக்கு. அந்த வாயாலதான் அவன் பேரு இல்ல. போடி" என்றார். கோபத்தில் அவர் உளறின ஒரே உண்மை அது. நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். எட்டு வயதுக்காரி கேட்டது கணக்கில் வராது என்று நினைத்துவிட்டார்.

கல்லறைத் திருநாள் வந்தது. மழை விட்டிருந்தது. வெள்ளையும் நீலமும் கலந்து அடித்த புதுச் சுண்ணாம்பு நெடி, சம்பங்கி மாலை, கேட்டில் பொரி விற்கிறவன் சத்தம். எல்லாக் குடும்பமும் அவரவர் கல்லறைப் பக்கத்தில் நின்றது. யுத்தக் கல்லைச் சுற்றிப் பத்துக் குடும்பம், முன்னால் மேஸ்திரி குடும்பம். சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். தெளித்து முடித்து அடுத்த வரிசைக்குப் போகும்வரை அம்மா ஒதுங்கி நின்றாள். அப்புறம் வந்து மேஸ்திரியின் பெண்சாதி முன்னால் நின்றாள். அந்த அம்மாள் கறுப்புப் புடவை, முக்காடு, பருத்த உடம்பு, யாரிடமும் அதிகம் பேசாதவர்.

"யக்கா. இந்த மழை பூரா உம் புள்ளைக்கு நான் அழுதேன். உனக்குத் தெரியும். நீ பாத்துகினுதான் இருந்த."

அந்த அம்மாள் இல்லை என்று சொல்லவில்லை.

"எம் புருஷனுக்குன்னு ஏத்துன மெழுகுவத்தி, போட்ட பூவு, சொன்ன ஜெபம் அல்லாத்தயும் உம் புள்ள வாங்கிகிச்சு. அத்த நான் திருப்பிக் கேக்க முடியாது, சின்னப் புள்ள, குடிச்சிட்டுப் போவட்டும். ஆனா எம் புருஷனுக்குத் தரவேண்டியத நீ தா. இங்கயே. இப்பவே."

"இன்னாடி இது, கோயில் எடத்துல!" என்று மேஸ்திரி பாய்ந்தார். நம் ஆட்கள் ஒருவர் வாய் திறக்கவில்லை. சாமியார் தூரத்தில் இன்னொரு கல்லறைக்குத் தெளித்துக்கொண்டிருந்தார்.

மேஸ்திரியின் பெண்சாதி கேட்டார்: "பேரு சொல்லு."

அம்மா நைனாவின் ஞானஸ்நானப் பெயரைச் சொன்னாள். அந்த அம்மாள் கரிச்சேற்றில் அப்படியே முழங்கால் போட்டார். ஒரு பரலோக மந்திரம், பத்து அருள் நிறை மந்திரம், ஒவ்வொன்றின் முடிவிலும் நைனா பெயர். மேஸ்திரி கையைப் பிடித்து இழுத்தார். அவர் எழவில்லை. பத்தும் முடிந்த பிறகுதான் கையை ஊன்றி எழுந்தார். புடவையில் முழங்கால் இருந்த இடத்தில் இரண்டு சேற்று வட்டம்.

நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள், அன்று வீட்டுக்கு வந்து வயிறு நிறைய சாப்பிட்டாள். இப்போது யோசித்தால், அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டியது கல்லை. ஊரே கூடி, மேஸ்திரி இழுத்தும் பெண்சாதி எழாத நேரம். அம்மா ஜெபத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். கல்லில் யாரும் கை வைக்கவில்லை.

ஆகவே நான் வைத்தேன். மறுவாரம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, அம்மாவின் கோணி ஊசியைப் பாவாடை நாடாவில் சொருகிக்கொண்டு போனேன். கல்லில் இடம் மிச்சம் இருந்தது அடிப்பகுதியில்தான். பதினோராவது வரிக்குக் கீழே கீறினேன். கறுப்புக் கல்லில் வெள்ளையாக விழுந்தது, சிலேட்டில் விழுவதுபோல. ஒரு கொம்பு பெரியது, ஒரு சுழி சின்னது. அப்பன் எழுத்தைப் போட மறக்கவில்லை. உங்களில் இரண்டு பேர் சுவர் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். யார் போய்ச் சொன்னது என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

மறுநாளே மேஸ்திரி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். புனித இடத்தைக் கெடுத்த பிள்ளையை வைத்துக்கொண்டு மற்றப் பிள்ளைகளுக்கு என்ன மந்திரம் சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். சிஸ்டர் என் சிலேட்டை வாங்கி வைத்துக்கொண்டார். திரும்பத் தரவில்லை. நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினார். நான் நடந்து வெளியே வரும்போது வகுப்பு ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. அத்தோடு என் படிப்பு முடிந்தது. கல்தச்சன் வந்து நான் கீறின இடத்தைக் கொத்திப் பள்ளமாக்கினான். மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும், காக்கை வந்து குடிக்கும். நான் கிடங்கில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கோணி தைத்தேன், கல்யாணம் ஆகும்வரை.

மேஸ்திரி வெகுகாலம் இருந்தார். அவர் செத்த அன்று தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை, மரியாதைக்கு. எங்கள் வீட்டில் எரிந்தது. அம்மா காசிமேட்டுக்குப் போய் நண்டு வாங்கி வந்து, மிளகு தட்டிப் போட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வறுத்தாள். பிணத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டுகிற நேரத்தில்தான் நண்டைப் புரட்டினாள். அவ்வளவு ருசியான நண்டை நான் அதற்குப் பிறகு தின்றதில்லை. அம்மா போனபோது தாலியோடு புதைத்தோம். கைம்பெண் என்று யாரும் அவளை ஒப்புக்கொள்ளவில்லையே.

இனி இப்போதைய கதை. மேஸ்திரியின் மகள் வயிற்றுப் பேரன், கோயில் காரியம் பார்க்கிற பங்குப் பேரவையில் இருக்கிறான். தலை நரைத்த ஆள். போன மாதம் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தான்.

"ஆயா, உனக்கு அல்லா பேரும் மனப்பாடமாமே. ஃபாதர் கேட்டாரு. நீ சொன்னீன்னா கிரானைட்ல சோக்கா போட்டுடலாம்."

"மொதல்ல யார் பேரு?"

"அது தெரியும் ஆயா. எங்க மாமா பேரு. மத்தது தான் தெர்ல."

"மொத வரி எங்க நைனா பேரு. அத்த வெட்டிட்டு வா, மத்தத சொல்றேன்."

அவன் பழங்களைப் பார்த்தான். அவனுக்கு விஷயம் தெரியும், அவன் பாட்டி சொல்லியிருக்கிறாள். அதனால்தான் பழம்.

"ஆயா, பழசுல இல்லாத பேர எப்டி... சரி, நான் பேசி கடைசில சேக்கச் சொல்றேன். பன்னெண்டாவதா. போதுமா?"

"கடைசில நானே போட்டேன். உங்க தாத்தன் கொத்திட்டான்."

"நீ இன்னா ஆயா, எம்பது வருஷமாச்சு..."

"எங்கம்மா முத்தம் வெச்சது மொத வரியில. அந்த முத்தம் போய்ச் சேர வேண்டிய எடம் அது. உங்க மாமா கீழ இருக்கட்டும், வாணாங்கல. ஆனா பக்கத்துல பீரோன்னு போடணும்."

"கிண்டல் பண்ற பாத்தியா."

"எனக்கு எண்பத்தேழு வயசு. கிண்டலுக்கு நேரம் இல்ல."

எழுந்து போய்விட்டான். ஹார்லிக்ஸை விட்டுவிட்டுப் போனான், அதைத் திருப்பி அனுப்பிவிட்டேன். பிறகு ஃபாதரே ஆள் அனுப்பினார், மலருக்கு எழுதித் தாருங்கள், மனதில் இருப்பதைச் சொல்லுங்கள் என்று. நல்ல பிள்ளை. பெயர்கள் தானாக வந்துவிடும் என்று நினைத்திருப்பார்.

படித்துக்கொண்டு வந்தவர்கள் கவனித்திருப்பீர்கள். இதில் ஒரு பெயரும் இல்லை. என் பெயரும் இல்லை, உங்கள் பெயரும் இல்லை, நைனா பெயர்கூட இல்லை. மறந்து விட்டதல்ல. முன் பெஞ்சுக்காரர்களே, உங்கள் சித்தப்பன், உங்கள் தாய்மாமன், உங்கள் அப்பன் என் வாயில் இருக்கிறார்கள். வெளியே வர வேண்டுமானால் பங்குக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லுங்கள், அன்று கல்லறைத் தோட்டத்தில் என்ன பார்த்தோம் என்று. முதல் வரியில் யார் பெயர் வர வேண்டும் என்று. கல்தச்சன் அதை வெட்டி முடிக்கட்டும், நான் வந்து விரலை விட்டுப் பார்க்கிறேன். அதற்கு அடுத்த நிமிஷம் மற்றதைச் சொல்கிறேன், ஓர் எழுத்துத் தவறாமல்.

இவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள்.

"ஆயா, அவங்க ஒத்துக்கலன்னா?"

"கல்லு மொட்டையா நிக்கட்டும்."

"மத்த செத்தவங்க இன்னா பண்ணாங்க ஆயா? எனக்காச்சும் சொல்லி வையேன். திடீர்னு நீ போய்ட்டா?"

"போனா என்னோட வருவாங்க. எழுது, இதயும் எழுது."

எழுதிவிட்டாள். முகம் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். இருக்கட்டும். சரி கண்ணு, முதல்லேர்ந்து படி. சத்தமா படி, அடுத்த வூட்டுக் கிழவி, முன் பெஞ்சுக்காரி, ஜன்னல தொறந்து வெச்சிகினுதான் கீறா. நீ எத்த விட்டுட்டுப் படிச்சாலும் எனக்குத் தெரியும்.